செந்நிற ஆந்தையைத் தேடி சிங்கராஜாவுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

இலங்கைக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கேயும் நம்ம ஊர்ப் பறவைதானே இருக்கும்?" பாதி உண்மைதான். கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காகம், மைனா, செம்போத்து, தவிட்டுக்குருவி எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். செங்கல்பட்டுப் பக்கம் எங்கோ இறங்கிவிட்டோமோ என்றிருக்கும். மீதிப் பாதி தீவின் தென்மேற்கில் இருக்கிறது. அங்கே மழைக்காடுகளில், இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் பார்க்க முடியாத பறவைகள் இருக்கின்றன. தீவு முழுக்க எண்ணினால் அப்படிப்பட்டவை 30 இனங்களுக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சிங்கராஜா என்ற ஒரே காட்டில் பார்த்துவிடலாம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் மனதில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஆந்தை. முதல் முறை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஆந்தை?

செரண்டிப் ஸ்கோப்ஸ் ஆந்தை. செரண்டிப் என்பது அரபு வணிகர்கள் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். நீளம் 17 சென்டிமீட்டர்கூட வராது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் உருண்டை. உடம்பு முழுக்கச் செங்கல் பொடியைத் தூவியது போன்ற நிறம், அதன்மேல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். இதன் உறவுக்கார ஆந்தைகளுக்குத் தலையில் கொம்பு போல் நிற்கும் இறகுகள் இதற்குக் கிடையாது. வால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை.

இதைக் கண்டுபிடித்த கதையைத் தெரிந்துகொண்டு போனால் காட்டில் பொறுமை தானாக வரும். இலங்கையின் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கல காட்டில் ஒரு இரவு இதுவரை கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார். பறவைக் குரல்களைப் பதிவு செய்வதில் கைதேர்ந்தவர் அவர். அவருக்கே அது எதன் குரல் என்று தெரியவில்லை. குரலை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தேடி, 2001 ஜனவரி 23 அன்று சிங்கராஜாவில்தான் பறவையைக் கண்ணால் பார்த்தார். 2004இல் அவரும் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசெனும் சேர்ந்து இதைப் புதிய இனமாக முறைப்படி அறிவித்தார்கள். இலங்கையில் புதிதாக ஒரு பறவை கிடைத்து அப்போது 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. காது பழகியவருக்கே ஆறு ஆண்டு ஆன பறவையை நான் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

இதன் அறிவியல் பெயரில் திலோ ஹாஃப்மன் என்பவரின் பெயர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்தவர். 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்காகச் சிங்கராஜாவில் மரம் வெட்டத் தொடங்கியபோது அதை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் ஒருவர். 1977இல் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. காட்டின் வடமேற்கிலுள்ள குடாவ வாசலிலிருந்து உள்ளே இருக்கும் ஆராய்ச்சி நிலையம் வரை நீங்கள் நடக்கப்போகும் அகலமான பாதை, அன்று மரம் ஏற்றிய லாரிகள் போன பாதைதான்.

முதலில் தேதி

ஜனவரியிலிருந்து மார்ச் வரை போங்கள். இது மழைக்காடு, மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. இந்த மூன்று மாதங்களில் காலை நேரமாவது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை நேராக இந்தக் காட்டின்மேல்தான் இறங்கும். அக்டோபர், நவம்பரும் வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் கொஞ்சம் இடைவெளி விடும். வேறு வழியில்லாதவர்கள் அப்போது போகலாம்.

தேதி குறிக்கும்போது இலங்கை நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா தினம், பொது விடுமுறை. அது சனி, ஞாயிறோடு சேர்ந்து வந்தால் குடாவ வாசலில் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களுமாகக் கூட்டம் நெரியும். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு. நமக்கு எப்படியோ சிங்களவர்களுக்கும் அப்படியே. அந்த நாலைந்து நாள் வழிகாட்டியும் கிடைக்கமாட்டார், சாப்பாட்டுக் கடையும் திறக்காது.

எத்தனை இரவு? மூன்று. இதில் பேரம் வேண்டாம். முதல் முறை நான் ஒரு பயண ஏற்பாட்டாளரை நம்பினேன். "ஆந்தை நூறு சதவீதம் உறுதி, ஒரு இரவு போதும்" என்றார். போய்ச் சேர்ந்தது மாலை நாலு மணி. மறுநாள் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை மழை. பன்னிரண்டு மணிக்கு டிரைவர் ஹாரன் அடித்தார். மழை பெய்தது அவர் குற்றமில்லை. மழைக்காட்டுக்கு மழைக்கு இடம் விடாமல் திட்டம் போட்டது யார் குற்றம் என்று அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கொழும்புவரை வந்தோம்.

இரண்டாவது, வழிகாட்டி

பலர் விமானச் சீட்டு, அறை, ஜீப் என்று எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வழிகாட்டியைத் தேடுகிறார்கள். ஆந்தைக்காகப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நல்ல வழிகாட்டி எந்தத் தேதியில் கிடைக்கிறாரோ அதுதான் உங்கள் தேதி.

சிங்கராஜாவுக்குள் துணையில்லாமல் போக முடியாது. வாசலில் சீட்டு வாங்கும்போதே ஒரு டிராக்கரையும் உடன் அனுப்புவார்கள். அவர்களில் அருமையானவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு உங்களுக்கு யார் வருவார் என்பது முறை வைத்து அமைவது. மரம், தவளை, அருவி எல்லாம் தெரிந்து பறவையில் மட்டும் ஆர்வமில்லாதவர் வந்தால் ஆந்தைக் கனவு அங்கேயே முடிந்தது. அதனால் குடாவ, வெத்தாகல பக்கத்துக் கிராமங்களில் பறவைக்கென்றே வேலை செய்யும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்துக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கடந்த ஒரு மாதத்தில் ஆந்தையைப் பகலில் எத்தனை முறை பார்த்தீர்கள்?" இதற்கு "பார்க்கலாம் சார், பார்க்கலாம்" என்கிறவரை விட்டுவிடுங்கள். "மூன்று முறை, போன வாரம் இடம் மாறிவிட்டது, தேட வேண்டும்" என்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பகலில் என்று ஏன் சொல்கிறேன்? இரவில் காட்டுக்குள் விடமாட்டார்கள். காட்டோரத்தில், தங்குமிடத்துப் பாதையில் நின்று குரலைக் கேட்கலாம், அவ்வளவுதான். பார்ப்பதென்றால் அது பகலில் தூங்கும் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நாளும் அந்தப் புதருக்குள் தலையை விட்டுப் பார்த்துப் பழகிய ஒரு மனிதர்.

பேச்சு ஒரு தடையாக இராது. வழிகாட்டிகளுக்குப் பறவைகளின் ஆங்கிலப் பெயர் அத்துப்படி. கிழக்கே இறக்குவானைப் பக்கமும் தெற்கே தெனியாயப் பக்கமும் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. குடாவ பக்கம் பெரும்பாலும் சிங்களம்தான். ஒன்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 'அய்யா' என்றால் அண்ணன், 'மல்லி' என்றால் தம்பி. நாற்பத்தைந்து வயதில் என்னை ஒருவர் "மல்லி" என்று கூப்பிட்டதும் நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன், யாரோ பெண்ணைக் கூப்பிடுகிறார் என்று.

காகிதங்கள், பணம், வழி

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் ஈ.டி.ஏ. என்கிற மின்னணு அனுமதி வாங்க வேண்டும். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. சில காலம் இந்தியர்களுக்குக் கட்டணமே இல்லாமலும் இருந்தது. அதனால் இலங்கை அரசின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் வேறு தளங்கள் வந்து நின்று இரண்டு மடங்கு வாங்கும். பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம். திருச்சி, மதுரையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். விமான நிலையத்திலேயே பணத்தை மாற்றி ஒரு சிம் கார்டும் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குப் போகும் வழியிலுள்ள கலவானவில் ஏ.டி.எம். இருக்கிறது, அதைத் தாண்டியபின் நுழைவுச் சீட்டு, ஜீப், டிராக்கர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் என்று வைத்துக்கொண்டு போங்கள்.

சிங்கராஜாவுக்கு மூன்று பக்கமும் வாசல் உண்டு. வடமேற்கில் குடாவ, தெற்கில் தெனியாய வழியாகப் பிட்டதெனிய, கிழக்கில் இறக்குவானை வழியாக மார்னிங்சைட். முதல்முறை போகிறவர்கள் குடாவ வாசலுக்கே போங்கள். பாதை அகலம், ஏற்றம் குறைவு, பறவை வழிகாட்டிகள் அதிகம். கொழும்பிலிருந்து காரில் நாலு மணி நேரம் என்பார்கள், ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, அங்கிருந்து கலவான, பிறகு வெத்தாகல, குடாவ என்று மாறி மாறிப் போகலாம். ஒரு முழுப் பகல் போய்விடும், ஆனால் பாதிச் செலவுகூட ஆகாது.

பையில் என்ன?

பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. இதைப் பற்றி எல்லோரும் சண்டை போடுவார்கள், நான் ஏன் சொல்கிறேன் என்பதை மட்டும் கேளுங்கள். மழைக்காட்டின் தரைமட்டத்தில் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறரை போலத்தான் இருக்கும். முன்கண்ணாடியின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 8×42இல் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 10×42இல் நாலுதான். அந்த ஒரு மில்லிமீட்டர் ஏரிக்கரையில் ஒன்றுமில்லை, இங்கே பெரிய விஷயம். தவிர, பத்து மடங்கில் பார்வைப் பரப்பு சுருங்கும், இலைகளுக்கு நடுவே நகரும் பறவையைத் துரத்த முடியாது.

கேமரா கொண்டுபோகிறவர்கள் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளி உணர்திறனை, கூச்சப்படாமல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரண மடக்குக் குடை. மழைக்கோட்டுக்குள் வேர்த்து வழிவதைவிடக் குடையின் கீழ் நின்று பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருப்பது மேல். வெளிர்பச்சை, பழுப்புச் சட்டைகள், ஈரம் சீக்கிரம் காயும் துணியில். தொப்பி. பொருள்களைப் போட்டுக் கட்ட இரண்டு நீர்புகாப் பை. சார்ஜருக்கு ஒரு அடாப்டர், ஏனென்றால் இப்போது அங்கே பட்டைக் கம்பிப் பிளக்குகள்தான் அதிகம்.

இப்போது அட்டை.

அட்டையைப் பற்றித்தான் எனக்கு வரும் கேள்விகளில் பாதி. சிங்களத்தில் கூடெல்லா. வால்பாறைக் காடுகளில் நடந்தவர்களுக்கு இது புதிதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கடிக்கும். எத்தனை ஏற்பாடு செய்தாலும் ஒன்றிரண்டு கடிக்கும். வலிக்காது, நோயும் தராது, ரத்தம் மட்டும் அரை மணி நேரம் நிற்காமல் கசியும். முழங்கால்வரை வரும் இறுக நெய்த அட்டை உறை ஒன்றை பேன்ட்டின்மேல் மாட்டி, மேல்நுனியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். அதன்மேல் சோப்பையோ டெட்டாலையோ தடவலாம். உள்ளூர்க்காரர்கள் சித்தாலேப தைலம் தடவுகிறார்கள், அதன் வாசம் பிடித்துப்போய் நான் இரண்டு டப்பா வாங்கி வந்தேன். நின்று பார்க்கும்போது சருகு குவிந்த இடத்தில் நிற்காமல் பாதையின் நடுவில், கல்மேல் நில்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலைப் பாருங்கள். ஒட்டிக்கொண்டுவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்துச் சுண்டிவிடுங்கள். நெருப்பு வைப்பது, உப்பைக் கொட்டிச் சாகடிப்பதெல்லாம் வேண்டாத வேலை. எத்தனை அட்டை கடித்தது என்ற கணக்கைச் சாப்பாட்டு மேசையில் பேசாமலிருந்தால் உடன் வந்தவர்கள் நன்றியோடு நினைப்பார்கள்.

அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியதை மறந்துவிடுகிறார்கள். சருகு நிறத்தில், சருகுக்கு நடுவே சுருண்டு கிடக்கும் சின்னக் குழிவிரியன் இந்தக் காட்டில் சாதாரணம். பாதையை விட்டு இறங்கும்போது வழிகாட்டி கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். கைப்பிடிக்குக் கொடியைப் பிடிக்குமுன் ஒருமுறை பாருங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை

ஒரு மாதம் முன்பிருந்தே குரல்களைக் கேளுங்கள். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் அந்த வட்டாரத்துக்கான தொகுப்பை இறக்கி வைத்துக்கொண்டால் காட்டில் சிக்னல் இல்லாவிட்டாலும் உதவும். எல்லாக் குரலும் வேண்டாம், பத்து போதும். ஆந்தையின் குரலை முதலில் பழகிக்கொள்ளுங்கள். நாம் எதிர்பார்க்கும் அலறல் எதுவும் அதில் இல்லை. மெல்லிய நடுக்கத்தோடு ஒரு சின்ன ஊதல், அதற்கப்புறம் அரை நிமிடம் போல மௌனம், மறுபடி ஒரு ஊதல். பொழுது சாய்ந்தபின் இரண்டு மணி நேரமும் விடியுமுன் கொஞ்ச நேரமும் கூப்பிடும். நடுவில் யாராவது இருமினால் போச்சு, அடுத்த அரை நிமிடம் காத்திருக்க வேண்டும்.

காட்டில் முதல் நாள்: ஆந்தையை மறந்துவிடுங்கள்

முதல் நாள் ஆந்தையைத் தேடாதீர்கள் என்று வழிகாட்டியிடமே சொல்லிவிடுங்கள். அன்று கண்ணும் காதும் பழக வேண்டிய நாள். அதற்குச் சிங்கராஜாவில் ஒரு அற்புதமான பள்ளிக்கூடம் இருக்கிறது: கலப்புக் கூட்டம்.

நம் ஊரில் பறவை பார்ப்பவர்கள் ஒவ்வொரு பறவையாகத் தேடிப் பழகியிருப்போம். இங்கே முக்கால் மணி நேரம் ஒன்றுமே இருக்காது. இலையிலிருந்து சொட்டும் தண்ணீர், எங்கோ ஒரு குக்குறுவான், அவ்வளவுதான். திடீரென்று காடே பேசத் தொடங்கும். செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு முன்னால் வரும். நம் வீட்டுத் தோட்டத்துத் தவிட்டுக்குருவியின் உறவுதான், அதே சளசளப்பு. அதன் பின்னால் பத்துப் பன்னிரண்டு இனங்கள், சராசரியாக நாற்பது பறவைகள், தரையிலிருந்து மர உச்சிவரை அடுக்கடுக்காக நகர்ந்து போகும். சிங்கராஜாவின் இந்தக் கூட்டங்களை 1981 முதல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள்.

கூட்டம் வந்ததும் புதியவர்கள் செய்யும் தப்பு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்வது. பைனாகுலர் மேலும் கீழும் அலைந்து கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. தவிட்டுக்குருவியை முதல் அரை நிமிடத்திலேயே பார்த்து முடித்துவிடுங்கள், அது போகாது. அடுத்து கொண்டைக் கரிச்சானைத் தேடுங்கள். நடுமட்டத்தில் திறந்த கிளையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பறவை, நெற்றியில் சுருள்முடி. கூட்டத்தின் காவல்காரன் அதுதான். பருந்து வந்தால் முதலில் கத்தும். மற்றப் பறவைகளின் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்லும். அந்தப் போலிக்குரலைக் கேட்டு மற்றவை வந்து கூட்டத்தில் சேர்வதாகச் சிங்கராஜாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே உங்கள் காதில் விழும் நான்கு இனங்களில் மூன்று இந்த ஒரே ஆளாக இருக்கலாம்.

அப்புறம் கண்ணை மேலே ஏற்றுங்கள். உச்சி இலைகளுக்குள் பெரிதாக ஏதோ சத்தமில்லாமல் அணில்போல ஓடினால் அது செம்முகப் பூங்குயில். சிங்களத்தில் மல்கொஹா, மல் என்றால் பூ, கொஹா என்றால் குயில். ஆங்கிலக்காரர்கள் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கண்ணைச் சுற்றிச் சிவப்பு, கீழே வெள்ளை, நீண்ட வால். வால் மட்டும் தெரிந்தாலும் போதும் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

நீல வால்காக்கையைத் தேட வேண்டியதில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் பக்கம் அதுவே வந்து உங்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்க்கும். நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, சிவந்த அலகும் காலும். படத்தில் பார்க்கும்போது யாரோ வண்ணத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நேரில் அதைவிட அடர்த்தி. தீனி மட்டும் போடாதீர்கள்.

விடியற்காலையில் பாதையோரம் புள்ளிச்சிறகுப் பூங்குருவி கொத்திக்கொண்டிருக்கும். காட்டுக்கோழி ஊருக்குள்ளேயே சுற்றும். இலங்கையின் தேசியப் பறவை அது, சேவலின் சிவந்த கொண்டைக்கு நடுவே மஞ்சள் திட்டு இருக்கும். பச்சையலகுச் செண்பகம் கஷ்டம். அலகு வெளிர்பச்சை, நம் செம்போத்துக்குக் கறுப்பு. அடர் புதருக்குள் அலகு தெரியும்வரை காத்திருக்க வேண்டும். தவளைவாயன் என்ற இரவுப்பறவையைக் காட்டினால் பாருங்கள், ஆனால் அதற்காக நேரம் ஒதுக்க வேண்டாம். கேரளத்துத் தட்டேக்காட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆந்தை நாள்

இரண்டாம் நாள் மாலையில் தங்குமிடத்துக்கு வெளியே நின்று குரலைக் கேளுங்கள். எந்தத் திசை, எந்த நேரம் என்று வழிகாட்டி குறித்துக்கொள்வார். மறுநாள் காலை தேடல். கைபேசியில் குரலை ஓட்டி ஆந்தையை வரவைக்கச் சொல்லாதீர்கள். அது தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை புகுந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். வாரம் ஏழு நாளும் ஒவ்வொரு குழுவும் ஓட்டினால் அந்தப் பறவையின் கதி என்ன? உலகில் இதன் மொத்த எண்ணிக்கையே சில நூறுதான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அழியும் ஆபத்திலுள்ள இனம்.

என்னுடைய ஆந்தை நாள் இப்படிப் போனது. காலை எட்டரை. முன்னிரவு மழையில் எல்லாம் நனைந்து கிடந்தது. பாதையின் ஒரு வளைவில் வழிகாட்டி நின்றார். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், காலில் ரப்பர் செருப்பு. "மெஹே இன்ன, மல்லி" என்றார், இங்கேயே இரு என்று. நாணல்போல அடர்ந்த குட்டை மூங்கிலுக்குள் குனிந்து நுழைந்தார். இருபத்தைந்து நிமிடம் ஆளையே காணோம். நான் நின்ற இடத்தில் மூன்று அட்டைகளைச் சுண்டினேன். வெளியே வந்தபோது முகத்தில் எதுவும் இல்லை. சரி, இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு, விரலை மட்டும் அசைத்தார், வா என்று.

முட்டி போட்டுத்தான் போனேன். ஒரு மூங்கில் தட்டைக்குப் பின்னால், என் இடுப்பு உயரத்தில், செத்தை சிக்கிக் காய்ந்த இலைக்கொத்து ஒன்று தொங்கியது. "எங்கே?" என்றேன் சைகையில். அவர் அந்தக் கொத்தையே காட்டினார். கொத்தின் ஒரு பக்கம் கோடு கிழித்தாற்போல் திறந்தது. உள்ளே மஞ்சள். மறுபடி மூடிக்கொண்டது. அப்புறம்தான் புள்ளிகள் தெரிந்தன, பிறகு தலை, பிறகு மூங்கிலைப் பிடித்திருந்த விரல்கள். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு இலைக்கொத்து இருந்தது. அதுவும் ஆந்தைதான். பறவையைத் தேடுகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இது தூங்குவது நம் இடுப்புக்கு நேராக.

அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறையை வழிகாட்டி சொல்லமாட்டார், பணம் கொடுத்து வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம். நீங்களே கடைப்பிடியுங்கள். ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு இரண்டு நிமிடம். கிளையை ஒதுக்காதீர்கள், படத்துக்கு மறைக்கிறதென்று இலையைக் கிள்ளாதீர்கள். அந்த மறைப்புக்காகத்தான் அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆந்தை கண்ணை முழுதாகத் திறந்து உடம்பை ஒட்டிக்கொண்டு மெலிந்து நீண்டால் பயந்துவிட்டது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். என் படம் மங்கலாகத்தான் வந்தது. போகட்டும்.

வெளியே வந்ததும் வழிகாட்டிக்குப் பேசிய பணத்துக்கு மேல் கொடுங்கள். ஆந்தை கிடைக்காத நாளிலும் கொடுங்கள், தேடல் என்னவோ அதே தேடல்தான். அப்புறம் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடித்துப் பால் சேர்க்காத தேநீர் குடிக்கலாம். கித்துள் என்பது நம் கூந்தல்பனை. மதியச் சோற்றுக்குப் பலாப்பிஞ்சுக் கறி கிடைத்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

கிடைக்காவிட்டால்

மூன்று நாளும் கைவிரித்துவிட்டால், திரும்பும் வழியில் கித்துல்கலவில் ஒரு இரவு தங்குங்கள். ஆந்தையின் குரல் முதன்முதலில் கேட்ட காடு அதுதான். களனி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். காடு சின்னது, சிங்கராஜாவைவிட ஏற்ற இறக்கம் அதிகம், ஆனால் உள்ளூர் வழிகாட்டிகள் அங்கும் ஆந்தையைக் கண்காணித்து வருகிறார்கள். என்னோடு முதல் பயணத்தில் வந்த நண்பர் ஒருவர், சிங்கராஜாவில் ஏமாந்த கோபத்தில் மறுவருடம் நேராகக் கித்துல்கல போய் முதல் நாளே பார்த்துவிட்டார். அதை இன்னும் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஊர் திரும்பியதும், பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் பட்டியலை ஏற்றுங்கள், ஆனால் ஆந்தை தூங்கிய புதரின் இடத்தையோ வரைபடப் புள்ளியையோ எங்கும் போடாதீர்கள். காட்டிலிருந்து இறகு, விதை, பூச்சி எதையும் எடுத்து வராதீர்கள். அங்கே அது குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள். காலணியின் சேற்றைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். பையை வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் வாசலிலேயே ஒருமுறை உதறுங்கள். என் அட்டை உறையின் மடிப்பில் ஒன்று சென்னைவரை வந்துவிட்டது. என் மனைவிதான் அதைக் குளியலறையில் முதலில் பார்த்தாள்.